தட்டானுக்கு வைத்த பொட்டு

"மெதுவாப் போ தம்பி, மடியில உசுரு இருக்கு"ன்னு நான் சொன்னது ஒரு பேச்சுக்கு. அதுக்கு அந்த ஆட்டோக்காரத் தம்பி கண்ணாடியில எட்டிப் பாத்து, "பச்சப்புள்ளையாக்கா?"ன்னு கேக்குறான். பச்சப்புள்ள இல்லப்பா, எங்க கொள்ளுப்பாட்டன் காலத்து ஆளுன்னு சொல்ல வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன், வெலாவாரியாச் சொன்னா இவன் பயந்து இன்னும் தாறுமாறா ஓட்டுவான். வில்லாபுரத்துல ஏறி தல்லாகுளம் போய்ச் சேர்றதுக்குள்ள இந்த ஊர்ல எத்தனை ஸ்பீடு பிரேக்கரு, எவன்டா இதையெல்லாம் போட்டீங்க, ஒண்ணொண்ணும் ஒட்டக முதுகு மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கையாலயும் பெட்டிய மடியிலேர்ந்து தூக்கி அந்தரத்துல பிடிச்சுக்கிறேன். என் முதுகு போனாப் போகுது, இது சப்பான் பெட்டி, கறுப்பு அரக்குல பூசி தங்கத்தூள்ல படம் போட்ட ரெண்டடுக்குப் பெட்டி, கியோட்டோவுலேர்ந்து என் சம்பந்தியம்மா பூப்போலக் கொண்டாந்தது. காலையில பல்லு விளக்குற வரைக்கும் இது என்னோட பெட்டி. இப்ப இதத் திருப்பிக் குடுக்கப் போயிட்டிருக்கேன். கல்யாணத்துக்கு மூணே நாள் இருக்கு, எந்த மவராசியாவது சம்பந்தி வீட்டுச் சீரைத் திருப்பிக் குடுக்க ஆட்டோ ஏறுவாளா, நான் ஏறியிருக்கேன். நித்திலா இருக்காளே எம்மக, நேத்து ராத்திரிதான் மாப்பிள்ளை, மாமியார், மாமனாரோட கியோட்டோவுலேர்ந்து வந்து எறங்குனா, அவுங்கள தல்லாகுளம் ஓட்டல்ல விட்டுட்டு வீட்டுக்கு வந்து தூங்கிட்டு, காலையில வாய் நெறைய நுரையோட ஹாலுக்கு வந்தவ ஷோகேசப் பாத்தா பாருங்க ஒரு பார்வ, நுரையெல்லாம் தரையில. "அம்மா, இத இன்னுமா திருப்பிக் குடுக்கல?" எதுக்குடி திருப்பிக் குடுக்கணும், பரிசத்துக்கு வந்த பெட்டி. "ஐயோ, உள்ள இருந்த மிட்டாய்தாம்மா நமக்கு. பெட்டியும் மேல மூடுன துணியும் அவங்களது. அங்க அதான் மொற. எடுத்துக்கிட்டு உடனே குடுத்துரணும். அப்பாட்ட அன்னைக்கே சொன்னேனே!" நான் அவ அப்பாவத் திரும்பிப் பாத்தேன். அவரு பேப்பருக்குள்ள போயிட்டாரு.

சொன்னாளாம், இவரு தலைய ஆட்டுனாராம். எதுக்குத்தான் ஆட்டமாட்டாரு. போன தையில வந்த பெட்டி, இப்ப ஆவணி. சம்பந்தியம்மா ஃபுமிகோ வாரா வாரம் வீடியோவுல வருவாங்க, அரசிசான் அரசிசான்னு மரியாதையாக் கூப்பிடுவாங்க, மங்கையர்க்கரசிங்கிற முழுப்பேரு அவுங்க வாயில நொழையாது, கும்பிடுவாங்க, சிரிப்பாங்க, பின்னாடி ஷோகேஸ்ல பெட்டி லைட்டுப் போட்டு ஜொலிக்கும். பாத்துக்கிட்டேதான இருந்திருப்பாங்க! ஒரு வார்த்தை கேக்கலையே. நானா இருந்தா ரசம் குடுத்துவிட்ட தூக்குச்சட்டி ரெண்டு நாள் வரலைன்னா மாடியில நின்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கேட்டிருப்பேன். நான் வேற, அந்தப் பெட்டி நல்லாத் தெரியட்டும்னு செல்போன ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சாச்சுச் சாச்சு வச்சிருக்கேன். மானம் போச்சு. அடியே அரசி, உனக்குப் பெருமை வேற. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் பெட்டியக் காட்டி, காப்பி குடுக்குறதுக்கு முன்னாடி இதக் காட்டி, "எங்க சம்பந்தி வீட்டுச் சீரு"ன்னு... எதுத்த வீட்டு டீச்சரம்மா நாலு தடவை பாத்துருச்சு. இனி ஷோகேஸ் காலியா இருந்தா அதுதான மொதல்ல கேக்கும். கேக்கட்டும். டீச்சரம்மாவா எனக்குக் கவலை.

கவலை என்னன்னா எனக்குக் குடுக்க மனசில்ல. சொல்லியாச்சு. ஆட்டோ சத்தத்துல யாருக்குக் கேக்கப்போகுது, எனக்கு மனசில்ல, மனசில்ல. நகை மேல இப்படி ஆசை வந்ததில்ல, பட்டுச் சேலை மேல வந்ததில்ல. மத்தியானம் பாத்திரம் ஒழிச்சு வச்சிட்டு, அவரும் தூங்கிட்டாருன்னா, நான் ஷோகேசத் தொறந்து இத எடுத்து ஜன்னலோரம் உக்காந்துக்குவேன். வெயில் படக்கூடாதுன்னு மாப்பிள்ளை சொன்னதால திரைச்சீலைய இழுத்து விட்டுட்டு. மூடியில கோரைப்புல்லு வளைஞ்சு நிக்கும், காத்தடிக்கிற பக்கமெல்லாம் வளைஞ்சிருக்கும், புல்லு நுனியில ஒரு தட்டான். அநேகமா எல்லாம் தங்கத்துலதான், ஆனா ஒரே தங்கமில்ல, கிட்டத்துல வந்தா பொடிப்பொடியா இருக்கும், தள்ளிப் பாத்தா பொகை மாதிரி. நான் ஏதோ தங்கப் பெயிண்ட தொட்டு வரைஞ்சதுன்னு நெனச்சிருந்தேன். மாப்பிள்ளை கென்டாதான் நித்திலாவ வச்சுத் தமிழ்ல சொன்னாரு, அது வரையுறதில்ல, தூவுறது. அரக்குல மொதல்ல படத்த எழுதிரணுமாம், அது காயுறதுக்குள்ள மூங்கில் குழல்ல தங்கத்தூளை எடுத்து, குழலு வாயில மெல்லிசா ஒரு துணி கட்டி, விரலால தட்டித் தட்டித் தூவணுமாம், மாகியேன்னு பேராம். அட, ரெண்டு விரலால கலர்ப்பொடி தூவுறோமே ரங்கோலிக்கு, அதானன்னேன். அவரு யோசிச்சுப் பாத்துட்டு ஆமான்னு பெருசாத் தலையாட்டுனாரு. அப்புறம் அது மேல மறுபடி அரக்கு, கரித்துண்ட வச்சுத் தேய்ப்பாங்களாம், தேய்க்கத் தேய்க்க அடியிலேர்ந்து படம் மேல வருமாம். மூடியோட உள்பக்கம் இன்னும் கூத்து, தேன் கலர்ல ஆழமா ஒரு பூச்சு, அதுக்குள்ள தங்கம் நீந்துற மாதிரி. யாரும் பாக்காத உள்பக்கத்துக்கு எதுக்கு இம்புட்டு வேலைன்னு நான் கேட்டேன். "தொறக்குறவங்க பாப்பாங்க"ன்னு பதில் வந்துச்சு, அது சரி.

அந்த அரக்கு மரத்துப் பாலாம், தொட்டா மேலெல்லாம் அரிச்சுத் தடிச்சுப் போகுமாம், நம்ம சேங்கொட்டை மாதிரி. அதுவும் இதுவும் ஒரே சாதி மரந்தான்னு மாப்பிள்ளை போனுல தேடிப் பாத்துச் சொன்னாரு, மாமரமும் முந்திரியும் அதோட பங்காளியாம். எனக்கு ஒரே சந்தோசம், சம்பந்தம் பேசுறதுக்கு முன்னாடியே மரமெல்லாம் சொந்தமாகிக் கெடக்கு பாருங்க. இன்னொண்ணு சொன்னாரு, அதத்தான் நான் நம்பவே இல்ல. அந்த அரக்கு வெயில்ல காயாதாம். ஈரமான எடத்துலதான் காயுமாம். அதுக்குன்னு ஒரு அலமாரி, உள்ள தண்ணி தெளிச்சு, புழுக்கமா வச்சு, அதுக்குள்ள வச்சாத்தான் இறுகுமாம். ஐப்பசி மழையில துணி காயாம நான் பட்ட பாட்டுக்கு, ஈரத்துல காயுற பொருள் ஒண்ணு உலகத்துல இருக்குன்னு நெனச்சு நெனச்சு சிரிச்சேன். ஆனா அதுலதான வினையே வந்துச்சு. தெற்குவாசல் பாலம் ஏறுது வண்டி, பாத்து, பாத்து, பள்ளம். "பாத்துட்டேன்க்கா." பாத்துட்டுத்தான் எறக்குவான் போல. உள்ள கலகலன்னு சத்தம் கேக்குது, கேக்கட்டும், அது நான் உள்ள வச்ச மிட்டாய்ச் சத்தம், அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் பெட்டி நல்லாருக்கு. வினைன்னு சொன்னேன்ல, இந்தச் சித்திரையில அக்கினி நட்சத்திரம் போட்ட போடு. மதுரை வெயிலு, வீட்டுக்குள்ளயே செவுரு கொதிக்குது, ஷோகேஸ்க்குள்ள லைட்டு வேற, பெட்டி காஞ்சிருச்சு. ஒரு மத்தியானம் எடுத்துப் பாக்குறேன், தட்டானோட ஒரு இறக்கையில நுனி இல்ல. தட்டானுக்கு ஒடம்பு தங்கம், இறக்கை மட்டும் சிப்பி, மயில் கழுத்துக் கலர்ல பளபளன்னு, அரிசியில பாதி மாதிரி துண்டு துண்டாப் பதிச்சிருப்பாங்க. அதுல நுனித்துண்டு போயிருச்சு. அந்த எடத்துல கறுப்பா ஒரு பொட்டல். தரையில குப்புறப் படுத்துத் தேடுனேன், டார்ச் அடிச்சுத் தேடுனேன், ஷோகேஸ் ஓரத்துல கெடந்துச்சு, பஞ்சுல வச்சு எடுத்தேன்.

அவரு உடனே அந்தக் குட்டி டியூப் பசையோட வந்து நிக்கிறாரு, ஒரே சொட்டு, செருப்பே ஒட்டும்ங்கிறாரு. செருப்பும் இதுவும் ஒண்ணா! டியூபப் புடுங்கிப் பரண் மேல போட்டேன். நமக்குத் தெரியாத வேலையில கை வைக்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தோணுச்சு. சிப்பித் துண்டப் பஞ்சோட குங்குமச்சிமிழ்ல போட்டு வச்சேன். ஆனா அந்தப் பொட்டலப் பாக்க எனக்குத் தாங்கல. நல்ல நாளும் அதுவுமா வெறும் நெத்தியோட ஒரு பொண்ணு நிக்கிற மாதிரி இருந்துச்சு. யோசிக்கவே இல்ல, பீரோ கண்ணாடியில ஒட்டி வச்சிருந்த பொட்டுல இருந்து பொடிசா ஒரு கல்லுப் பொட்டு, நீலக்கல்லு, எடுத்து அந்த எடத்துல ஒட்டிட்டேன். அம்சமா இருந்துச்சு, பொய் சொல்லமாட்டேன், அன்னைக்கு எனக்கு என் மேலயே பெருமை. டீச்சரம்மா கூட கண்டுபிடிக்கல. இன்னைக்குக் காலையில நித்திலா கண்டுபிடிச்சா. கையில எடுத்துப் பாத்தவ அப்படியே தரையில உக்காந்துட்டா. "பொட்டா ஒட்டியிருக்கீங்க? ம்மா, இது நூத்தம்பது வருசத்துப் பொருள்மா." ஏன், நூத்தம்பது வருசத்துக்கு ஒரு பொட்டு வைக்கக்கூடாதான்னு கேட்டுட்டேன். அப்புறந்தான் அவ கண்ணுல தண்ணியப் பாத்தேன். அந்தம்மாவோட மாமியாருக்கு மாமியார் காலத்துலேர்ந்து அந்த வீட்டுல எந்தக் கல்யாணம் பேசுனாலும் இந்தப் பெட்டியிலதான் மிட்டாய் போகுமாம். போயிட்டுத் திரும்பி வருமாம். இது எங்கிட்டத்தான் மொத மொதல்ல திரும்பாமத் தங்கியிருக்கு. போதாக்குறைக்கு இறக்கையும் போச்சு. எம்மகளுக்கு அந்த வீட்டுல மொதப் பேரே இதுவாத்தான் இருக்கணுமா.

துணிய நெனச்சா இன்னும் பகீர்ங்குது. பெட்டிக்கு மேல போட்டு வந்த பட்டு, இதோ இப்ப சுத்தியிருக்கேனே, செவப்புல வெள்ளைக் கொக்கு ரெண்டு பறக்குது, இதப் பாத்ததும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா, ரவிக்கை. முதுகுல கொக்கு வர்ற மாதிரி. எடுத்துக்கிட்டுத் தையக்காரர் கிட்டயே போயிட்டேன். அவரு அளவெடுத்துப் பாத்துட்டு, "கைக்குப் பத்தாதும்மா, உங்க ஒடம்புக்கு இது காணாது"ன்னுட்டாரு. எம்புட்டுக் கோவம் வந்துச்சு அன்னைக்கு! இப்ப அந்தாளு கையில காலுல விழுந்து கும்பிடணும் போலருக்கு. என் ஒடம்பு பெருத்ததுக்கு நான் சாமிக்கு நன்றி சொன்னது இந்த ஒரு விசயத்துக்குத்தான். ஒல்லியா இருந்திருந்தா கொக்கு ரெண்டும் என் முதுகுல ஏறி இப்ப சம்பந்தியப் பாக்க வந்துட்டிருக்கும்.

யானைக்கல்லு நெரிசல்ல வண்டி நிக்குது. இப்படி நின்னுட்டாத்தான் பயம் வந்து பக்கத்துல உக்காந்துக்குது. எங்க சித்தி மக கனகாம்பரத்துக்கு பரிசம் போட்டு, பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு நாள் மத்தியானம் தட்டெல்லாம் திரும்பி வந்துச்சு. அப்ப நான் அங்கதான் இருந்தேன். நாங்க குடுத்த பித்தளைத் தட்டு, அதுல நாங்க வச்ச ஆப்பிளு, அதே ஆப்பிளு வாடாம, சேலை மடிப்புக் கலையாம. ஒருத்தர் கொண்டாந்து வாசல்ல வச்சிட்டு ஒண்ணும் பேசாமப் போயிட்டாரு. பேச வேண்டியதில்ல, சீரு திரும்பி வந்தா அதுக்கு ஒரே அர்த்தந்தான். சித்தி அந்தத் தட்டுகள ரொம்ப நாள் வீட்டுக்குள்ளயே எடுக்கல. கனகாவுக்கு அப்புறம் நல்ல எடத்துல ஆச்சு, ரெண்டு பையனுக, குண்டா சந்தோசமா இருக்கா, அது வேற. ஆனா திரும்பி வர்ற தட்டப் பாத்தவளுக்கு, தன் கையாலயே தட்டத் திருப்பிக் கொண்டு போறது எப்படி இருக்கும். நித்திலா படிச்சுப் படிச்சுச் சொல்லுறா, "அங்க திருப்பிக் குடுக்காட்டாத்தாம்மா தப்பு." புத்திக்குப் புரியுது. வயிறு புரிஞ்சுக்க மாட்டேங்குது. வண்டியத் திருப்புன்னு சொல்லிரலாமான்னு தோணுது. திருப்பி, பெட்டிய பீரோவுல வச்சுப் பூட்டி, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டா? அடி பாவி, என்ன நெனப்பு இது! அதுக்குள்ள பின்னாடி பஸ்காரன் ஹாரன அடிச்சு, தம்பி திரும்பி அவன நாலு வார்த்த கேட்டு, வண்டி நகந்துருச்சு. நகந்தாத்தான் மனசும் நகருது.

ஒண்ணு மட்டும் நான் விடல. வெறும் பெட்டியாக் கொண்டு போகமாட்டேன்னுட்டேன். பாத்திரம் வந்துச்சுன்னா வெறுமனே திருப்பிக் குடுக்குற பழக்கம் எங்க வீட்டுல கெடையாது, சீனி ஒரு கரண்டியாவது போட்டுத்தான் குடுப்போம். நித்திலா கண்ண விரிச்சுக்கிட்டு, "அங்கயும் அப்படித்தான்மா, தாளாவது மடிச்சு வைப்பாங்க"ன்னா. அப்பத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. என்ன வைக்கிறதுன்னு அடுப்படியவே கவுத்துப் போட்டோம். சீனி வச்சா எறும்பு, முறுக்கு வச்சா எண்ணெய், மஞ்சள் கறை, கல்கண்டு கீறிரும். கடைசியில சீரக மிட்டாய். பரிசத்துக்கு அந்தம்மா கொண்டாந்ததே நம்ம சீரக மிட்டாய்க்கு அக்கா மாதிரி ஒண்ணு, வெள்ளையும் ரோசுமா முள்ளு முள்ளா குட்டி நட்சத்திரம். அக்கா வந்த வீட்டுலேர்ந்து தங்கச்சி போகட்டுமேன்னு, தாள்ல பொட்டலம் கட்டி உள்ள வச்சிருக்கேன். மேலடுக்குல பஞ்சுல சிப்பித் துண்டு. பொட்ட எடுத்துரலாமான்னு நித்திலா கேட்டா, நான் தொடாதன்னுட்டேன். பிச்சா தங்கமும் சேந்து வந்துருச்சுன்னா? இருக்கட்டும், இருக்குற மாதிரியே போவோம். செஞ்சது செஞ்சாச்சு. கோரிப்பாளையம் சிக்னல் தாண்டிருச்சு, அதோ ஓட்டல் போர்டு. இத்தனை சீக்கிரமாவா வரணும். "தம்பி, கொஞ்சம் நில்லு, பத்து நிமிசத்துல வந்துர்றேன்." "பதனமாப் போயிட்டு வாங்கக்கா." பெட்டிக்குத்தான் சொல்றான்.

ஏசியில கால் வைக்கிறேன், ஐயோ ஏசி, இதுக்குக் காஞ்ச காத்து ஆகாதே. முன்னறையில நித்திலா, முன்னாடியே வந்துட்டா, மாப்பிள்ளை "சாப்டீங்களா"ங்கிறாரு, அவருக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை அதான், எத்தனை மணிக்கும் அதத்தான் கேப்பாரு. சம்பந்தியம்மா எந்திரிச்சு நிக்கிறாங்க. ரெண்டு கையாலயும் குடுக்குறேன், ரெண்டு கையாலயும் வாங்குறாங்க, குனியிறாங்க, நானும் குனியிறேன், தலை முட்டப் பாத்துச்சு. உக்காந்து மடியில வச்சு, முடிச்ச அவுத்து, கொக்கு ரெண்டையும் தடவி மடிச்சு வச்சாங்க. ரவிக்கை ரவிக்கைன்னு என் மண்டைக்குள்ள ஒரு குரல். அப்புறம் மூடி. விரல் புல்லு மேல போகுது, தண்டு வழியாப் போகுது, நுனிக்குப் போகுது, நின்னுருச்சு. பொட்டு. நான் நித்திலாவப் பாக்குறேன், அவ தரையப் பாக்குறா. சொல்லிரு அரசி, தமிழ்லயே சொல்லிரு. "வெயில்ல இறக்கை விழுந்துருச்சு சம்பந்தியம்மா, பாக்கச் சகிக்கல, அதான் பொட்டு வச்சேன், சிப்பிய ஒட்டல, பசை வைக்கல, துண்டு உள்ள பத்திரமா இருக்கு, மன்னிச்சிருங்க"ன்னு மடமடன்னு கொட்டிட்டேன். நித்திலா சின்னக் குரல்ல அதச் சொல்றா. அந்தம்மா நெகம் பட்டுச்சோ இல்லையோ, பொட்டு தானா உதுந்து அவுங்க உள்ளங்கையில விழுந்துருச்சு, பசை காஞ்சு போயிருக்கு. அதையே பாத்தாங்க. தோள் குலுங்குது, அழுறாங்களோன்னு பதறிட்டேன், வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க! கண்ணுல தண்ணி வர வர, மாப்பிள்ளைய அடிச்சு அடிச்சுச் சிரிக்கிறாங்க. அப்புறம் பஞ்சத் தொறந்து சிப்பியப் பாத்ததும் சிரிப்பு நின்னு, என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. "பசை வைக்காம எடுத்து வச்சீங்களே, அதுக்குத்தான் நன்றிங்கிறாங்கம்மா. பசை வச்சிருந்தா பதிக்க முடியாமப் போயிருக்குமாம். அங்க ஒருத்தர் பதிச்சுக் குடுத்துருவாராம்." அட என் சாமி, பரண் மேல போட்ட டியூபே, நீ நல்லாரு.

அதோட விட்டிருக்கலாம், என் வாய் விடல. "திருப்பிக் குடுக்க மனசே இல்லைன்னு சொல்லு நித்திலா. எங்க பக்கம் சீரு திரும்புனா சம்பந்தம் முறிஞ்சதுன்னு அர்த்தம், எனக்கு நெஞ்சு பதறுதுன்னு சொல்லு." சொன்னா. அந்தம்மா மிட்டாய் ஒண்ண எடுத்து வாயில போட்டுக்கிட்டு, சீரகம் கடிபட்டதும் புருவத்தத் தூக்கி, மெதுவா, பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி எங்கிட்டயே சொன்னாங்க, சப்பான் பாசையிலதான். நித்திலா தமிழ்ல சொன்னா. "ஒரேயடியாக் குடுத்துட்டா ஒரு தடவைதான் வருமாம்மா. திருப்பிக் குடுத்தாத்தான் ஒவ்வொரு தடவையும் வருமாம். அடுத்த நல்ல சேதிக்கு இதே பெட்டிதான் வில்லாபுரம் வருமாம், இறக்கையோட." நான் அழுதேன், எதுக்கு மறைக்கணும், முன்னறையில அத்தன பேரு முன்னாடி மூக்க உறிஞ்சி அழுதேன். அந்தம்மா உள்ளங்கையில இருந்த நீலப் பொட்ட எடுத்து அவுங்க நெத்தியில வச்சுப் பாக்குறாங்க, பசையில்ல, விழுது, மறுபடி வைக்கிறாங்க, விழுது. இருங்க இருங்கன்னு என் நெத்தியில இருந்த மெரூன் பொட்டப் பிச்சு, ரெண்டு புருவத்துக்கும் நடுவுல பாத்து, நேராக்கி, அழுத்தி வச்சு விட்டேன். அழகா ஒட்டிக்கிருச்சு.

வெளிய வந்தா வெயில் நல்லா எறங்கியிருக்கு. தம்பி வண்டிய ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே கண்ணாடியில பாக்குறான். "என்னக்கா, நெத்தியில பொட்டக் காணோம், எங்கயும் விழுந்துருச்சா?" விழுகல தம்பி, சம்பந்தியம்மா கிட்ட இருக்கு, வரும்போது சும்மா வராது, கூட எதையாவது கொண்டுக்கிட்டுத்தான் வரும்னேன். அவனுக்கு ஒண்ணும் புரியல, தலைய ஆட்டிட்டான், எங்க வீட்டுக்காரரு மாதிரியே. "மெதுவாப் போகவாக்கா?" வேணாம்ப்பா, இப்ப மடி சும்மாதான இருக்கு, நீ விரட்டிப் போ.